15 என்றால் எந்த 15? ஏர் ரைபிள் ஸ்க்ரூவும் டார்க் ரெஞ்சும்

ஏர் ரைபிளின் ஸ்கோப்பை, அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பிடிக்கும் வளையத்தில் இருந்த எம்4 (4 மி.மீ.) ஸ்க்ரூவின் தலை அறுந்து பிட்டோடு கையில் வந்தபோது, வைத்த அளவு முறுக்கு வந்ததும் சத்தம் போடும் டார்க் ரெஞ்ச் இன்னும் ஒரு ‘டிக்’ கூடப் போடவில்லை. அந்த ‘டிக்’ வரும், வந்ததும் நிறுத்திக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில்தான் இழுத்துக்கொண்டே இருந்தேன். பொங்கல் முடிந்து ஆரம்பித்த தொல்லை சித்திரை வரை இழுத்தது. வீணாய்ப் போன பணம் 13,700 ரூபாய். சரியான கருவியை முதலிலேயே வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவு 4,800. கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏர் ரைபிள் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் ஸ்க்ரூவை எவ்வளவு முடுக்க வேண்டும் என்று எண்ணோடு சொன்னவர் ஒருவரும் எனக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நான் பேசுவது 0.177 இன்ச், அதாவது 4.5 மி.மீ. குழல் கொண்ட, ஸ்பிரிங்கில் இயங்கும் ரைபிள் பற்றி. ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போகாத இந்த வகைக்கு 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. இதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணிவிட வேண்டாம். ஸ்க்ரூக்களைப் பொறுத்தவரை துப்பாக்கிகளிலேயே மோசமான வகை இதுதான். பெரிய ரைபிள் சுடும்போது பின்னால் மட்டும்தான் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் உள்ளே இருக்கும் கனமான பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் போகிறது. பிஸ்டன் முட்டி நிற்கும் கணத்தில் ரைபிள் முன்னால் துள்ளுகிறது. ஒரு சுடலுக்குள் இரண்டு உதை, எதிரெதிர்த் திசையில். கூடவே ஸ்பிரிங்கின் அதிர்வு வேறு. இந்த இழுபறியில், தோளில் வைக்கும் மரக்கட்டையைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் ஸ்கோப்பைப் பிடிக்கும் ஸ்க்ரூவும் மயிரிழை மயிரிழையாகக் கழன்றுகொண்டே வரும்.

முதல் அறிகுறி குறி சிதறியது. நெல்லிக்குப்பம் சாலைப் பக்கம் ஒரு தோப்பில் மண்மேட்டுக்கு முன்னால் 20 மீட்டரில் அட்டை வைத்துச் சுடுவது வழக்கம். ஐந்து பெல்லட்டும் (ஈயக் குண்டு) ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் விழுந்துகொண்டிருந்த ரைபிள், தை மாதக் கடைசியில் உள்ளங்கை அகலத்துக்குச் சிதற ஆரம்பித்தது. பெல்லட்டைச் சந்தேகப்பட்டு மூன்று வகை டப்பா வாங்கினேன், 1,350 ரூபாய். அதுவும் இல்லையென்றதும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று முடிவுகட்டி ஸ்பிரிங்கும் சீலும் மாற்றினேன், கூலியோடு 2,100. குறி அப்படியே இருந்தது. கடைசியில் கட்டையின் முன்பக்க ஸ்க்ரூவில் எதேச்சையாக எல் கீயை வைத்தபோது அது விரல் நுனியால் கால் சுற்று சுற்றியது. அப்போது வந்த வயிற்றெரிச்சலைச் சொல்லி மாளாது. ரைபிள் திடீரென்று சிதறிச் சுட்டால் பணத்தை எடுப்பதற்கு முன் எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கட்டையின் முன்பக்கம் இரண்டு, விசைக்காப்பில் ஒன்றோ இரண்டோ, ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்டின் அடியில் இரண்டோ நான்கோ, வளையங்களில் நான்கோ எட்டோ. இரண்டு நிமிட வேலை.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாவற்றையும் கைவலுவால் முடுக்கினேன். இதுதான் இரண்டாவது தவறு. கைக்கு அளவு தெரியாது என்பதைக் கணக்குப் போட்டால் புரியும். சாதாரண 3 மி.மீ. எல் கீயின் நீளப்பக்கம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர். அதன் நுனியை நான்கு விரலால் 8 கிலோ அளவுக்கு இழுப்பது யாருக்கும் சிரமமில்லை. 0.06 மீட்டர் பெருக்கல் 78 நியூட்டன், கிட்டத்தட்ட 4.7 நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஸ்கோப் வளையத்துக்குத் தேவையானது 2கூட இல்லை. ‘லேசாத்தான் முடுக்கினேன்’ என்று நினைப்பவர் கையே இரண்டு மடங்கு கொடுத்திருக்கும். கட்டை ஸ்க்ரூவில் நடந்தது இன்னும் மோசம். வாஷருக்கு அடியில் மரநார் நசுங்கி உள்ளே போய்விட்டது. நசுங்கிய மரம் திரும்ப எழும்பாது. அதனால் ஸ்க்ரூ கூடுதலாக உள்ளே இறங்கி, மரைத்துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. கீயில் கல்லு மாதிரி இறுக்கம் தெரிகிறது, ஆனால் கட்டையைக் கையால் திருகினால் ஆடுகிறது. இது மிகவும் ஏமாற்றும் நிலைமை. ஸ்க்ரூ இறுகியிருக்கிறது என்பதும் பாகம் பிடிபட்டிருக்கிறது என்பதும் வேறு வேறு விஷயங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி நுனியைப் பாருங்கள். நுனி தட்டையாகிப் பளபளத்தால் முட்டுகிறது என்று அர்த்தம். ஒரு மி.மீ. தடிப்பு வாஷர் கூடுதலாகப் போட்டாலே சரியாகிவிடும்.

அதற்குள் ஸ்கோப்பும் நகர ஆரம்பித்திருந்தது. முன்வளையத்துக்குப் பின்னால் ஸ்கோப் குழாயில் 3 மி.மீ. அளவுக்குப் புதிதாக ஒரு கோடு தெரிந்தது. ஒவ்வொரு உதைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வந்திருக்கிறது. இனி கையை நம்பக்கூடாது என்று தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் டார்க் ரெஞ்ச் இரவல் வாங்கினேன். 3/8 இன்ச் தலை, 5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை அளவு. மவுண்டோடு வந்த சின்னத் தாளில் அடிப்பகுதிக்கு 25, வளையத்தின் மேல்பாதியான மூடிக்கு 15 என்று இருந்தது. எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்த அலகை நான் பார்க்கவேயில்லை. ரெஞ்சில் 15 வைத்தேன். அது நியூட்டன் மீட்டர். தாளில் இருந்தது இன்ச்-பவுண்டு. இரண்டாவது ஸ்க்ரூவிலேயே தலை அறுந்தது.

ஒரு நியூட்டன் மீட்டர் என்பது 8.85 இன்ச்-பவுண்டு. தாளில் சொன்ன 15 இன்ச்-பவுண்டு வெறும் 1.7 நியூட்டன் மீட்டர்தான். நான் கொடுக்கப் பார்த்தது அதைப் போல ஒன்பது மடங்கு. 8.8 என்ற பலத் தரம் கொண்ட எம்4 ஸ்க்ரூவை இரும்பில் முடுக்குவதாக இருந்தாலே 3 நியூட்டன் மீட்டர் சுமாருக்குத்தான் முடுக்குவார்கள், அது எப்படி 15 தாங்கும்? இன்னொரு குழியும் இருக்கிறது. அமெரிக்கத் தாள்களில் சிலவற்றில் ஃபுட்-பவுண்டு வரும், அது இன்ச்-பவுண்டைப் போல 12 மடங்கு, 1.356 நியூட்டன் மீட்டர். நம் ஊர்ப் பழைய ரெஞ்சுகளில் கிலோ-சென்டிமீட்டர் அளவு இருக்கும். அதில் 10.2 சேர்ந்தால்தான் ஒரு நியூட்டன் மீட்டர். நான்கு அலகு, ஒரே எண். தாளை எடுத்தவுடன் எல்லாவற்றையும் நியூட்டன் மீட்டருக்கு மாற்றி ரைபிள் பெட்டியின் மூடிக்குள் பேனாவால் எழுதி ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் இப்போது ‘அடி 2.8, மூடி 1.7’ என்று இருக்கிறது. இந்த எண்கள் என் மவுண்டுக்கு மட்டும்தான். பொதுவாக ஸ்கோப் கம்பெனிகள் வளைய மூடிக்கு 15 முதல் 18 இன்ச்-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் வரை சொல்கிறார்கள். ஸ்கோப்போடு வந்த தாளும் மவுண்டோடு வந்த தாளும் மாறுபட்டால் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ரெஞ்சில் 1.7 வைத்திருந்தால் போதுமா என்றால், அதில் வைக்கவே முடியாது. அதன் அடிமட்டமே 5. கார் சக்கரத்துக்கு வைத்திருக்கும் பெரிய ரெஞ்ச் 28இல் ஆரம்பித்து 210 வரை போகும். டிக் சத்தம் போடும் வகை ரெஞ்ச் எல்லாவற்றிலும், அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே சொல்லும் எண்ணை நம்பக்கூடாது. ‘கூடுதல் குறைவு 4 சதவீதம்’ என்று பெட்டியில் போட்டிருப்பது அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு மேலேதான் பொருந்தும். அதனால் இரவல் கேட்பதற்கு முன் முதல் கேள்வி, ‘எத்தனையில் ஆரம்பிக்கிறது?’ என்பதாக இருக்கட்டும்.

அறுந்த ஸ்க்ரூவுக்கு வருவோம். எனக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்திருந்தால் மூடியைத் தூக்கியதும் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிளையரால் பிடித்துத் திருப்பிவிடலாம். என்னுடையது மட்டத்தோடு அறுந்திருந்தது. வீட்டில் டிரில்லை எடுத்து நோண்டலாமா என்று கை துறுதுறுத்தது. செய்யாமல் முதுநகரில் படகு எஞ்சின் வேலை பார்க்கும் லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, இது துரு பிடிச்சு மாட்டினது இல்ல, தலைதான் போயிருக்கு. மரையில இறுக்கம் இருக்காது, சும்மா வந்துரும் பாருங்க” என்றார். நடுவில் புள்ளி அடித்து, 2 மி.மீ. இடதுகை டிரில் பிட்டை மெதுவாக எதிர்ச்சுற்றில் ஓட்டினார். பாதி ஆழம் போவதற்குள் பிட் கவ்வி, மீதித் தண்டு தானாகச் சுழன்று மேலே வந்தது. பார்க்க அவ்வளவு நிம்மதியாக இருந்தது. “அண்ணே, வரலன்னா என்ன செஞ்சிருப்பீங்க?” என்று கேட்டேன். 3.3 மி.மீ.யில் துளை போட்டு மரை வெட்டும் எம்4 டேப் ஓட்டி மிச்சத்தை எடுப்பேன், மரையும் போயிருந்தால் ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச்சுருள்) போடுவேன் என்றார். கூலி 350. இந்த வேலையைக் கைடிரில்லில் செய்தால் பிட் கடினமான ஸ்க்ரூவை விட்டு மிருதுவான அலுமினியத்துக்குள் சரிந்து ஓடும், வளையம் வீண். ஆனாலும் அந்த மவுண்டை நான் திரும்பப் போடவில்லை. இரண்டாவது வளையத்தின் மரை இழுபட்டு வெளுத்திருந்தது. புதிய மவுண்ட் 1,400.

உண்மையான நஷ்டம் ஸ்கோப்பில். வெளியே பார்த்தால் வளையம் இருந்த இடத்தில் மெல்லிய பள்ளம், அவ்வளவுதான். ஆனால் ஜூம் வளையத்தைச் சுற்றினால் நடுவழியில் சிக்கிக்கொள்கிறது. பக்கவாட்டுக் குமிழை நான்கு கிளிக் திருப்பினால் குறி நகரவே இல்லை, ஐந்தாவதில் மொத்தமாகத் தாவுகிறது. ஸ்கோப்பின் வெளிக்குழாய்க்குள் இன்னொரு சின்னக் குழாய் இருக்கிறது. குமிழைத் திருப்பும்போது நகர்வது அதுதான். வெளிக்குழாய் நசுங்கினால் உள்குழாய் உரசி நின்று, உதையில் விடுபட்டுத் தாவும். ஜூம் சிக்குவது, குமிழ் தாவுவது, வளையத்தைத் தளர்த்தினால் திடீரென்று எல்லாம் சுலபமாவது, இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் அதிகமாக முடுக்கியிருக்கிறீர்கள். சில சமயம் தளர்த்தினால் பிழைத்துக்கொள்ளும். என்னுடையது பிழைக்கவில்லை. 8,500 ரூபாய் ஸ்கோப். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

பிறகுதான் கருவி தேடிப் புதுச்சேரி போனேன். ஸ்க்ரூடிரைவர் வடிவத்தில், கால் இன்ச் அறுகோணப் பிட் மாட்டும் டார்க் டிரைவர், 1 முதல் 6.5 நியூட்டன் மீட்டர் வரை, 4,200 ரூபாய். நல்ல பிட் செட் 600. ரைபிளில் வரும் எல்லா ஸ்க்ரூவும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். பிட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். விலை குறைந்த பிட்டின் முனை உருண்டிருக்கும், ஸ்க்ரூவின் அறுகோணத்தையும் உருட்டிவிடும். எம்4 உருளைத்தலை ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ., கவிழ்ந்த வட்டத்தலைக்கு 2.5, எம்5 உருளைத்தலைக்கு 4, எம்6க்கு 5. அமெரிக்க மவுண்டுகளில் பெரும்பாலும் டி15 டார்க்ஸ் இருக்கும், நட்சத்திரக் குழி. அதில் எல் கீயைத் திணித்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். உருண்டைமுனை எல் கீ கழற்றுவதற்கும் சாய்வாகச் சுற்றுவதற்கும் மட்டும்தான், கடைசி இறுக்கத்துக்கு ஆகாது. குழிக்குள் அதன் பிடிப்பு மிகக் குறைவு.

இவ்வளவு பணம் இல்லை என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. மீன் எடை பார்க்கும் கொக்கித் தராசு, டிஜிட்டல் வகை, நம் பக்கம் எங்கும் கிடைக்கும். நீளமான 3 மி.மீ. எல் கீ ஒன்றை எடுத்து, ஸ்க்ரூவின் நடுவிலிருந்து சரியாக 10 சென்டிமீட்டரில் நூல் சுற்றி அடையாளம் போடுங்கள். அந்த இடத்தில் கொக்கியை மாட்டி, கீக்குச் செங்கோணமாக இழுங்கள். தராசு 1 கிலோ காட்டும்போது ஸ்க்ரூவில் 0.98 நியூட்டன் மீட்டர். 1.73 கிலோ வந்தால் நம்முடைய 1.7. கோணம் சாய்ந்தால் குறைவாகத்தான் போய்ச் சேரும், அதனால் கீ மேசைக்கு இணையாகவும் தராசு அதற்குக் குறுக்காகவும் இருக்க வேண்டும். ஒரு கை கீயின் மூலையை ஸ்க்ரூ மேல் அழுத்திப் பிடித்திருக்கட்டும். புதிதாக வாங்கிய டிரைவரையும் இதே முறையில்தான் சோதித்தேன். வைஸில் பிடித்த ஒரு போல்ட்டை டிரைவரால் 2இல் டிக் வரும்வரை முடுக்கி, பிறகு கீயும் தராசும் மாட்டி, போல்ட் மேற்கொண்டு அசைய ஆரம்பிக்கும் எடையைப் பார்த்தேன். 2.2 கிலோ காட்டியது. நின்ற போல்ட்டை அசைக்கச் சற்றுக் கூடுதல் விசை வேண்டும் என்பதால் இது சரிதான். 3 கிலோ காட்டினாலோ 1.3இல் அசைந்தாலோ டிரைவரைக் கடையில் திருப்பிக் கொடுங்கள்.

இப்போது மாட்டும் முறை. முதலில் ரைபிளில் பெல்லட் இல்லை, ஸ்பிரிங் ஏற்றப்படவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் ஏற்றிய ரைபிளில் எந்த ஸ்க்ரூவையும் தொடக்கூடாது, குழலை மடித்து வைத்துக்கொண்டு வேலை செய்யவே கூடாது. மவுண்ட் உட்காரும் 11 மி.மீ. பள்ளம், வளையத்தின் உட்பக்கம், ஸ்கோப் குழாய், ஸ்க்ரூ மரை எல்லாவற்றையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். புதிய மவுண்டில்கூட எண்ணெய் இருக்கும், வளையத்துக்குள் எண்ணெய் இருந்தால் எத்தனை முடுக்கினாலும் ஸ்கோப் வழுக்கும். மவுண்டின் அடியில் நிறுத்துமுள் இருந்தால் அது ரைபிளின் மேல் இருக்கும் குழிக்குள் இறங்க வேண்டும். ஸ்பிரிங் ரைபிளில் இது இல்லாமல் வெறும் பிடிப்பை மட்டும் நம்பினால் மவுண்டே பின்னால் நகரும். அடி ஸ்க்ரூக்களை விரலால் நிறுத்தி, மாற்றி மாற்றி 1.5, பிறகு 2.8. ஸ்கோப்பை வளையத்தில் வைத்து மூடியை லேசாகப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, கண்ணிலிருந்து ஸ்கோப் இருக்க வேண்டிய தூரத்தைச் சரிபார்த்து, எதிரே கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு உள்ளே தெரியும் செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவையுங்கள்.

மூடியில்தான் பொறுமை வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க முடுக்கிவிட்டு அடுத்த பக்கத்துக்கு வந்தால் ஸ்கோப் அந்தப் பக்கமாகச் சுழன்றுவிடும், பார்த்துவைத்த நேர்க்கோடு சாயும். நான்கு ஸ்க்ரூ இருந்தால் குறுக்காக, முன்வலம், பின்னிடம், முன்னிடம், பின்வலம் என்று போங்கள். முதல் சுற்று 1, இரண்டாவது 1.4, மூன்றாவது 1.7. என் டிரைவர் 1இல் ஆரம்பிப்பதால் முதல் சுற்றின் எண்ணை நான் தோராயமாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், இறுதி எண்தான் முக்கியம். மூடிக்கும் அடிவளையத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி தெரிய வேண்டும். மடித்த விசிட்டிங் கார்டை இரண்டு பக்கமும் நுழைத்துப் பாருங்கள், ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நுழையவில்லை என்றால் தளர்த்தி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். இடைவெளியே இல்லாமல் மூடி போய் ஒட்டிக்கொண்டால் வளையம் அளவு தப்பு. ஸ்கோப் குழாய் பெரும்பாலும் 25.4 மி.மீ., 30 மி.மீ. என்று இரண்டு அளவில் வருகிறது, இரண்டையும் கலந்துவிடுவது சுலபம்.

சின்ன அளவில் டிக் சத்தம் காதுக்குக் கேட்காது, கையில் ஒரு சின்ன நழுவலாகத்தான் தெரியும். தெருவில் பஸ் ஓடும்போது இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் வைஸில் பிடித்த உதவாத போல்ட்டில் ஐந்தாறு முறை முடுக்கி அந்த நழுவல் எப்படி இருக்கும் என்று கையைப் பழக்குங்கள். மெதுவாகச் சுற்றுங்கள், ஒரு டிக் வந்ததும் நிறுத்துங்கள். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று இரண்டாவது டிக் போட்டால் அது முதல் டிக்குக்கு மேலே ஏறிய முறுக்கு. டார்க் டிரைவரால் ஸ்க்ரூவைக் கழற்றக்கூடாது, கழற்ற எல் கீ இருக்கிறது. வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த எண்ணின் கோட்டுக்கு இறக்கி வையுங்கள், அதற்குக் கீழே திருகிக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஸ்பிரிங், இறுக்கத்திலேயே மாதக்கணக்கில் கிடந்தால் அளவு மாறும். தினமும் பயன்படுத்தும் பட்டறைகள் வருஷத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை முடுக்கியபின் அளவைச் சரிபார்க்கக் கொடுப்பார்கள். நம்மைப் போன்றவர்களுக்குக் கொக்கித் தராசு போதும்.

எண்ணெயும் பசையும் தனியாகச் சொல்ல வேண்டியவை. நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் 90 சதவீதம் ஸ்க்ரூத் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே செலவாகிவிடுகிறது, மீதி 10தான் ஸ்க்ரூவை இழுத்துப் பிடிக்கிறது. மரையில் எண்ணெய் பட்டால் அந்த உராய்வு குறைந்து, அதே 1.7இல் பிடிப்பு கிடுகிடுவென ஏறும். தாளில் உள்ள எண் உலர்ந்த மரைக்கு என்றால், ஈரமான மரைக்கு நான் கால் பங்கு குறைத்து வைப்பேன். ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் போடும் பசையும் காயும்வரை எண்ணெய் மாதிரிதான் வேலை செய்யும். லாக்டைட் பசையில் சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா நிற 222, அதற்கு மேல் நீல 243. சிவப்பு வகையை ரைபிள் பக்கம் கொண்டுவரவே வேண்டாம், அதைக் கழற்ற 250 டிகிரி சுமாருக்குச் சூடு காட்ட வேண்டும், ஸ்கோப் என்னாகும்? வளைய மூடிக்கு நான் பசையே போடுவதில்லை. மவுண்டின் அடி ஸ்க்ரூவுக்கு மட்டும் ஊதாவில் ஒரு துளி, மரையின் நடுவில். போட்டபின் 24 மணி நேரம் சுடாமல் விடுங்கள். காய்ந்தபின் ‘சரியா இருக்கா’ என்று டார்க் ரெஞ்சை மாட்டிப் பார்த்தால் பிடித்த பசை உடைந்து போகும். இன்னொன்று, துரு போக்க என்று ஸ்ப்ரே எண்ணெயை ஸ்க்ரூவைச் சுற்றி அடிக்காதீர்கள். ஸ்பிரிங் ரைபிளின் அழுத்த அறைக்குள் எண்ணெய் கசிந்தால் பிஸ்டனின் அழுத்தச் சூட்டில் தீப்பிடித்து வெடிக்கும். டீசல் எஞ்சின் வேலை செய்வது எப்படியோ அப்படியே. ‘டமார்’ என்று சத்தமும் குழல்வாயில் புகையும் வந்தால் அதுதான். சீலும் போகும், ஸ்பிரிங்கும் போகும்.

கட்டை ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலான தாள்களில் எண் இருக்காது. மரத்துக்கு மரம் மாறுவதால் நாமே கண்டுபிடிக்க வேண்டும். நான் 1.6இல் ஆரம்பித்து, 20 மீட்டரில் பத்து பெல்லட் சுட்டு, 0.2 கூட்டி, மறுபடி பத்து என்று போனேன். 2.2இல் சிதறல் நாணயத்துக்குள் வந்தது, 2.6இல் மேலும் கீழுமாக நீள ஆரம்பித்தது. திரும்ப 2.2க்கு வந்து நின்றுவிட்டேன். ஒரு காலைப்பொழுது, 60 பெல்லட். நசுங்கிய ஸ்க்ரூத்துளையில், ஸ்க்ரூ தாராளமாக நுழையும் பித்தளைக் குழாய்த் துண்டை, மரத்தின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்கு வெட்டி, இரண்டு கலவை எபாக்ஸி பசையில் உட்கார வைத்தேன். இப்போது ஸ்க்ரூத்தலை உலோகத்தின் மேல் உட்காருகிறது, மரம் நசுங்க வழியில்லை. எபாக்ஸி மரைக்குள் போகாமல் ஸ்க்ரூவுக்கு மெழுகு தடவ மறக்காதீர்கள், இதை மறந்தால் ரைபிளும் கட்டையும் ஒன்றாகிவிடும்.

நம் கடற்கரைக்கு என்று சில விஷயங்கள் உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையில் மரக்கட்டை ஈரம் குடித்து உப்பும், ஸ்க்ரூ தானாக இறுகும். சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்து சுருங்கும், ஸ்க்ரூ தளரும். அதனால் மழைக்கு முன் ஒருமுறை, அக்னி நட்சத்திரத்தில் ஒருமுறை 2.2 வைத்துப் பார்க்கிறேன். உப்புக்காற்றில் கறுப்பு ஸ்க்ரூ துருப்பிடிக்கும். அதற்குப் பயந்து துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ போட்டால், அலுமினிய வளையத்தோடு சேர்ந்து மரையில் வெள்ளைப் பொடி பூத்துக் கவ்விக்கொள்ளும். அதோடு சாதாரணமாகக் கிடைக்கும் துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூ 8.8 தரத்தைவிடப் பலம் குறைவு, அதே முறுக்கைத் தாங்கும் என்று எண்ணக் கூடாது. நான் கறுப்பு ஸ்க்ரூவையே வைத்துக்கொண்டு, காதுக்குச்சியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு தலையின் மேற்புறத்தில் மட்டும் தடவுகிறேன். அறுகோணக் குழிக்குள் மணலும் உப்பும் சேர்ந்திருந்தால் பிட் முழுக்க இறங்காது, பாதியில் நின்று குழியை உருட்டிவிடும். முடுக்கும் முன் ஒவ்வொரு குழியையும் ஊசியால் சுரண்டிவிட்டு ஊதுங்கள்.

கடைசியாக முடுக்கியதும் ஸ்க்ரூத் தலையிலிருந்து வளையத்துக்கு நகப்பூச்சில் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது, கருவியை எடுக்காமலே தெரிந்துவிடும். புதிதாக மாட்டிய மவுண்டை 30 பெல்லட்டுக்குப் பிறகு ஒருமுறை, 200க்குப் பிறகு ஒருமுறை பார்க்க வேண்டும், பரப்புகள் உட்காரும்போது பிடிப்பு கொஞ்சம் குறையும். என்னுடையதில் 30க்குப் பிறகு இரண்டு மூடி ஸ்க்ரூ மயிரிழை சுற்றியது, 200க்குப் பிறகு எதுவும் அசையவில்லை. சிவப்பு நகப்பூச்சுக் கோடு எட்டும் அப்படியே இருக்கிறது.